வலிக்கும் சொல்

1976-இல் ஒரு சனிக்கிழமை. தமிழ் வகுப்பில் வாசு சார் கரும்பலகையில் ஒரு கவிதை எழுதினார். தூர தேசத்தில் ஒரு கறுப்புச் சிறுமி நூலகத்துக்குப் போகிறாள். வாசலில் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்மணி புன்னகையோடு சொல்கிறாள்:

"தயவுசெய்து, குழந்தாய், பின்பக்கமாக வா."

இதில் அதிகம் வலிக்கும் சொல் எது, ஏன் என்று இருவர் இருவராக எழுதி வரச் சொன்னார் சார். 'கறுப்பு'தான் என்றது வகுப்பு. பின்னாலிருந்து ஒருவன் சீதாலெட்சுமியிடம், "உன்னைப் பத்திதான் எழுதியிருக்கு லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த இராசேஸ்வரி சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

சீதாலெட்சுமிதான் அவளுடைய ஜோடி. மாலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், இராசேஸ்வரியின் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்தாள். இராசேஸ்வரியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிளார்க். சீதாலெட்சுமியின் அப்பாவுக்குத் தண்டவாளத்தில் கூலி வேலை.

இராசேஸ்வரியின் அம்மா வாசலுக்கு வந்தார். "குறை நினையாதை பிள்ளை, பின்பக்கத்தாலை வா" என்றார் இனிமையாக.

இராசேஸ்வரிக்கு அது புதிதல்ல. துணி துவைக்க வருபவரும் புல் வெட்ட வருபவரும் அப்படித்தான் வருவார்கள். சீதாலெட்சுமியோடு பின்படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அம்மா மகளுக்குப் பீங்கான் கோப்பையிலும் சீதாலெட்சுமிக்குத் தகரக் குவளையிலும் தேநீர் வைத்தார்.

சீதாலெட்சுமி குவளையைத் தொடவில்லை. எழுந்தாள்.

"நீயே எழுதிக்க. இனிமே நான் தமிழ் கிளாசுக்கு வரல."

அவள் போன பிறகு இராசேஸ்வரி கவிதையை மறுபடி படித்தாள். முகம் சுட்டது. நோட்டோடு ஓடி, சாலையில் அவளைப் பிடித்தாள்.

"அந்தச் சொல்லு 'கறுப்பு' இல்ல. 'தயவுசெய்து'தான். எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. நான் சும்மா இருந்தேன்."

சீதாலெட்சுமி தரையைப் பார்த்தாள். "திட்டினா திருப்பித் திட்டலாம். இப்படிச் சொன்னா என்ன செய்றது?"

இராசேஸ்வரி அவள் கையைப் பிடித்து முன்வாசலுக்கே கூட்டிப் போனாள். அம்மா வாசலை அடைத்து நின்றார்.

"அம்மா, இவள் முன்னாலை வரட்டும். இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் ரோட்டிலை இருந்து எழுதுறம்."

அம்மாவின் முகம் இறுகியது. அவர் நகரவில்லை.

இருவரும் சாலையோரக் கால்வாய்க் கட்டில் உட்கார்ந்தார்கள். கொசு கடித்தது. இராசேஸ்வரி பாதிப் பக்கம் எழுதியதும் சீதாலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ள பதில் பேசல. ஆனா அதுக்கு எல்லாம் புரிஞ்சிச்சு. அதையும் எழுது" என்றாள்.

பிறகு பென்சிலை வாங்கி, அவளே எழுதினாள்.