மகிமாவும் இரும்புக் கதவும்

“பேதுரு வாசலில் நிற்கிறார்!”

நாடகத்தில் மகிமாவுக்கு இருந்தது இந்த ஒரே ஒரு வசனம்தான். ஒரு வாரமாகப் பல் தேய்க்கும்போதும் அதைச் சொன்னாள், பஸ்ஸிலும் சொன்னாள். கண்டக்டர் ஒருநாள், “எந்த ஸ்டாப் வாசல்லம்மா?” என்று கேட்டேவிட்டார்.

அவளுக்கு ரோதை வேடம். ரோதை, பைபிளில் ஒரே ஓர் இடத்தில் வந்துபோகும் வேலைக்காரப் பெண். சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு, நண்பர்கள் கூடியிருக்கும் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார். ரோதை அவர் குரலைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் செய்தி சொல்வாள். யாரும் நம்ப மாட்டார்கள். பாவம் பேதுரு, வெளியே தட்டிக்கொண்டே நிற்பார்!

“இவ இன்னா லூசா? தொறந்துட்டு ஓட வேண்டியதுதானே?” என்று மகிமா கேட்டாள்.

“சந்தோஷம் வந்தா மூளை லீவு போட்டுடும்,” என்றான் டெரிக். அவன்தான் பேதுரு.

சனிக்கிழமை மதியம், திருவொற்றியூர் சர்ச் ஹாலில் கடைசி ஒத்திகை. நாடகம் சொல்லித்தரும் பெர்சிஸ் அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. வேடம் போட்டபின் சொந்தப் பெயரே கூடாது.

“ரோதை, பேதுருவ எங்கட்டி?” என்று அக்கா கேட்டார்.

“சங்கிலி எடுக்கப் போனாருக்கா.”

மகிமா தண்ணீர் குடிக்க ஹாலுக்குப் பின்னால் போனாள். அங்கே கப்பலில் சரக்கு ஏற்றும் பழைய இரும்புக் கன்டெய்னர் ஒன்று நின்றது. சர்ச்சின் சாமான்கள் எல்லாம் அதற்குள்தான்.

அதற்குள்ளிருந்து டொம்! டொம்! டொம்!

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மகிமாவுக்குப் புரையேறியது. “யாரு?”

“நான்தான்! உள்ளே இருக்கறது தெரியாம யாரோ சாத்திட்டாங்க! அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி கீது, சீக்கிரம்!”

டெரிக்கின் குரல்! வெயிலில் காய்ந்திருந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. வெளியிலேயே இப்படியென்றால் உள்ளே எப்படி இருக்கும்?

ஒரே ஓட்டமாக ஹாலுக்குள் பாய்ந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா! பேதுரு... பேதுரு கதவைத் தட்றாரு!”

எல்லாரும் கைதட்டினார்கள்.

“அருமைட்டி! நாளைக்கும் இதே மாதிரி மூச்சு வாங்கணும்!” என்றார் பெர்சிஸ் அக்கா.

வீட்டில் கூடியிருக்கும் நண்பர்களில் ஒருத்தியாக நடிக்கும் ஜானட், தன் வசனத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். “பெண்ணே, நீ பிதற்றுகிறாய்!”

“ஐயோ, நிஜமாத்தான்!”

“நிஜம் மாதிரியேதான் கீது!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மறுபடியும் கைதட்டல்.

அப்போதுதான் மகிமாவுக்கு உறைத்தது. கதவைத் திறக்காமல் ஓடி வந்துவிட்டோமே!

திரும்பி ஓடினாள்.

“ரோதை! எங்க போற?”

“கதவைத் தொறக்க!”

“நாடகத்துல அது இல்லையேட்டி!”

கன்டெய்னருக்கு இரண்டு கதவுகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை இரண்டு இரும்புக் கம்பிகள். கம்பியின் இரு முனைகளிலும் கொக்கிகள். அவை கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். நடுவில் உள்ள கைப்பிடியை இழுத்தால் கம்பி சுழலும், கொக்கிகள் விடுபடும். நல்லவேளை, பூட்டு எதுவும் தொங்கவில்லை.

மகிமா இடது கதவின் கைப்பிடிகளை இழுத்தாள். இரண்டு கம்பிகளும் சுழன்றன. கதவு அசையவே இல்லை.

ஏன்?

இரண்டு கதவும் சேரும் இடத்தை உற்றுப் பார்த்தாள். வலது கதவின் விளிம்பு இடது கதவின் மேல் படிந்திருந்தது. சட்டையில் ஒரு பக்கம் மற்றதன் மேல் வருமே, அதுபோல. மேலே இருப்பதை விலக்காமல் கீழே இருப்பது எப்படி வரும்?

“வலதுதான் முதல்ல!” என்று கத்திக்கொண்டே அந்தப் பக்கம் தாவினாள்.

முதல் கம்பி சுலபமாகச் சுழன்றது. இரண்டாவதில் துரு. கம்பிக்குப் பக்கத்திலேயே பிடித்து இழுத்தாள். ம்ஹும். கைப்பிடியின் நுனிக்குக் கையை நகர்த்தினாள். கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ, அவ்வளவு குறைந்த பலம் போதும். ரோதையின் நீள அங்கியைச் சுருட்டி, சுடாமலிருக்கக் கைக்கு வைத்துக்கொண்டாள். காலைத் தரையில் ஊன்றி, முழு எடையையும் பின்னால் சாய்த்தாள்.

கிரீச்...

“இன்னும் கொஞ்சம்! விட்டுடாத!” என்றது உள்ளிருந்து குரல்.

“நீயும் தள்ளு பேதுரு!”

படார்! கம்பி சுழன்றது. கதவு திறந்தது. மகிமா மண்ணில் உட்கார்ந்தாள். அவள் மேலேயே விழாத குறையாக, கழுத்தில் சங்கிலியும் வியர்வையில் ஒட்டிய தாடியுமாக டெரிக் வெளியே வந்தான்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். பெர்சிஸ் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. “கர்த்தாவே! நிஜமாவே உள்ள இருந்தானா?”

“முதல்ல தண்ணி குடுங்கக்கா,” என்றாள் மகிமா.

டெரிக் ஒரு பாட்டிலைக் காலி செய்தான். இன்னொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒட்டுத்தாடி கழன்று கையோடு வந்தது.

இப்போது விழுந்த கைதட்டல் நாடகத்துக்கானது இல்லை. ஜானட்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

“ரோதை கதவைத் தொறந்துட்டாடோய்!” என்று ஒருவன் கத்தினான்.

“ரோதை எங்கடா தொறந்தா?” என்றான் டெரிக், ஈரத் தலையைச் சிலுப்பிக்கொண்டு. “எங்க மகிமா தொறந்தா!”