கசியாத தொட்டி

யாகப்பன் மழைக்கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, பையோடு நேராகக் கொல்லைப்பக்கம் நடந்தார். எண்பத்து மூன்றாம் வருடம், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் பிற்பகல். தொட்டித் தண்ணீர் தானாகக் குறைகிறது என்று, குழாய் வேலைக்காரரான அவர் இந்த வீட்டுக் கழிப்பறைக்கு வருவது இது மூன்றாம் தடவை.

“இந்தத் தொட்டிக்கு என்னைய விட்டா வேற ஆளே இல்ல போலருக்கு, தங்கச்சி.”

வீட்டுக்காரி சலோமி சிரிக்க முயன்றாள். வெறும் கசிவாக இருந்தால் போதும் மாதாவே என்று காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

தலைக்குமேல் இருந்த இரும்புத் தொட்டியில் யாகப்பன் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் வரும் குழாயை அடைத்து, நீர்மட்டத்தில் ஆணியால் கீறினார். ஓட்டை எங்கிருந்தாலும் நீலம் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். இருவரும் காத்து நின்றார்கள். வெளியே மழை. உள்ளே ஈரச் சுண்ணாம்பின் வாடை. மெல்ல மெல்ல அதில் இன்னொரு வாடை கலந்தது. தைலமும் பழைய துணியுமாக, நாள்பட்ட படுக்கையின் வாடை.

மளக்.

மளக்.

ஸ்டூலில் ஏறி யாகப்பன் உள்ளே கைவிட்டுத் துழாவினார். அடிவரை வற்றியிருந்தது. கீழே கழிப்பறைப் பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. சுவரிலும் தரையிலும் ஒரு சொட்டு நீலம் இல்லை.

“இது ஒழுகல தங்கச்சி,” என்றார் தணிந்த குரலில். “யாரோ குடிக்கிறாங்க.”

சலோமி அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கணவரின் அக்காள் அற்புதம் பக்கவாதத்தில் பக்கத்து அறையில் ஒன்றரை வருடம் கிடந்தார். மதியத்துக்குமேல் தண்ணீர் கொடுத்தால் இரவெல்லாம் துணி மாற்ற வேண்டும் என்று சலோமி கொடுக்காமல் விட்டாள். வாய் பேச முடியாத அவர், சுவருக்கு அப்பால் தொட்டி நிரம்பும் ஓசையைக் கேட்டபடி உதட்டை மட்டும் அசைப்பார். சித்திரை வெயிலில் போய்ச் சேர்ந்தார். நேற்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, பூசையும் வைத்தாயிற்று.

சலோமி கொடியவள் அல்ல. களைத்துப்போனவள். ஒரு டம்ளர் தண்ணீர் எவ்வளவு சின்னக் காரியம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

யாகப்பன் டம்ளரில் நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த அறையின் காலிக் கட்டிலருகே போய் நீட்டினார்.

“குடிங்க, அற்புதம்மா.”

மளக்.

டம்ளர் காலியானது. அவர் அதை மறுபடி நிரப்பி, சலோமியிடம் கொடுத்தார்.

அவள் முழந்தாளிட்டாள்.

“அண்ணி, குடிங்கண்ணி.”

தண்ணீர் குறையவில்லை.

மழை விட்டது. பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. கை மரத்தும் அவள் டம்ளரை இறக்கவில்லை.

“தினமும் வாங்கண்ணே. நீங்களாவது குடுங்க.”

“வர்றேன். ஆனா அவங்க காத்துக்கெடக்குறது என் கைக்கு இல்லியே, தங்கச்சி.”

அதிலாவது குடிக்கட்டும் என்று, தொட்டிக்கு வரும் குழாயைத் திறந்துவிட்டுப் போனார் அவர்.

சலோமி தனியே இருந்தாள். டம்ளர் நீரின்மேல் மெல்லிய சுருக்கம் ஓடியது, யாரோ மிக அருகில் மூச்சுவிடுவதுபோல. அவள் டம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

சுருக்கம் அடங்கியது.

கட்டிலில் கிடந்த தலையணையில் ஒரு தலையின் பள்ளம் அழுந்தியது. பிறகு அது மெதுவாகப் புரண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.