ஆற்றோடு போன எவர்சில்வர் டப்பா

“நாலரை மணிக்குக் கதவை மூடிவிடுவோம்! நாலு முப்பத்தொன்றுக்கு வந்தால் கரையில் நின்று எங்களுக்குக் கை அசைக்கலாம்!”

படிக்கட்டில் நின்ற கப்பல் அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கப்பலே ஏற்பாடு செய்த பேருந்தில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருப்பார்கள். தாமாகக் கிளம்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் இளஞ்செழியனும் தையல்நாயகியும் தாமாகக் கிளம்பிய ரகம்.

காரைக்காலில் பிறந்து பாரிஸ் பக்கம் குடியேறிய ஜோடி. அவன் மெட்ரோ ரயில் ஓட்டுகிறவன். நிமிடம் தவறினால் முகம் சுருங்கிவிடும். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனதைக் கொண்டாடத்தான் இந்தக் கரீபியன் கப்பல் பயணம். நாலாம் நாள் காலை குவாதலூப் தீவில் கப்பல் நின்றது. அங்கே பேசுவதும் பிரெஞ்சுதான் என்பதால் பயமில்லை. திதியே என்ற டாக்சிக்காரரைப் பிடித்தார்கள். எரிமலைச் சரிவில் கூட்டம் போகாத ஓர் அருவி இருக்கிறது என்றார் அவர்.

தையல்நாயகியின் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஓர் எவர்சில்வர் டப்பா. கப்பலில் விதவிதமாக விருந்து வைத்திருக்க, இவள் வெள்ளைச் சோறு மட்டும் வாங்கி, ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சலைக் கலந்து டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். டப்பா விஷயத்தில் அவள் எமகாதகி. பக்கத்து வீட்டுக்காரி டப்பாவைத் திருப்பித் தர நாலு நாள் ஆனால், ஐந்தாம் நாள் நேரே போய் மணி அடித்து வாங்கிவிடுவாள்.

காட்டுக்குள் இறங்கி நடந்தார்கள். அடேயப்பா! பெரணிச் செடிகள் தென்னை உயரத்துக்கு நின்றன. மரத்தின்மேல் மரம் முளைத்திருந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்க, தவளைகள் விசில் அடித்தன. கடைசித் திருப்பத்தில் அருவி தெரிந்தது. கறுத்த பாறைச் சுவரில் வெள்ளையாக ஒரே கோடு, கீழே பச்சை நிறத்தில் மடு.

“ஏங்க, நம்ம ரெண்டு பேருக்குன்னே தொறந்து விட்டாப்ல இருக்கு!” என்றாள் தையல்நாயகி.

புளிச்சோறு சாப்பிட்டு முடித்து, குளிக்கப் போகும்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தது. கப்பலில் திருட்டுப் போய்விடுமோ என்று தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கயிறோ நைந்திருந்தது. அருவி அடிக்கிற அடியில் அறுந்துவிட்டால்? கண்ணில் ஒற்றிக் கழற்றினாள். கைக்குட்டையில் சுற்றினாள். எங்கே வைப்பது? நம் வீடுகளில் நகை எங்கே இருக்கும்? கடுகு டப்பாவில், பருப்பு டப்பாவில்! காலி டப்பாவைக் காகிதத்தால் துடைத்து, உள்ளே வைத்து, ரப்பர் வளையம் போட்ட மூடியை அழுத்திக் கிளிப்பை மாட்டினாள்.

“டப்பாவைப் பத்திரமாப் பாத்துக்கங்க!” என்று சொல்லிவிட்டு மடுவில் இறங்கினாள்.

டப்பா பற்றி அவள் இப்படிச் சொல்வது அவனுக்குப் பழகிப்போன பாட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மடுவிலிருந்து நீர் வழிந்தோடும் இடத்தில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு போக வெளிப்பக்கத்தைத் தேய்த்தான். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான், பாவம்! பாசியில் கால் சறுக்கியது. கையிலிருந்த டப்பா தண்ணீரில் விழுந்து, மிதந்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே நழுவியது.

“போனாப் போவுது, தையலு! வேற வாங்கிக்கலாம்!” என்று கத்தினான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ! அதுக்குள்ள தாலி இருக்குங்க!”

அடுத்த நொடி இருவரும் ஓடினார்கள்!

ஓட்டமா அது! வழுக்குப் பாறை, இடுப்பளவு தண்ணீர், குறுக்கே விழுந்த மரங்கள். டப்பா ஒவ்வொரு சுழலிலும் நின்று இரண்டு சுற்று சுற்றும். இவர்கள் நெருங்கியதும் கிளம்பிவிடும். ஒரு வேரிடுக்கில் அது சிக்கியபோது இளஞ்செழியன் மரத்தில் படுத்துக் கை நீட்டினான். விரல் நுனி மூடியைத் தொட்டது. “கெடச்சிருச்சு!” என்று அவன் கத்தவும், கிளை முறியவும் சரியாக இருந்தது. அவன் தலைகுப்புற விழுந்தான். டப்பா ஆளுயர அருவி ஒன்றில் குதித்து மறைந்தது.

நெற்றியில் ரத்தத்தோடு எழுந்தவனைத் தையல்நாயகி பிடித்துக்கொண்டாள். “போதும் வாங்க. நீங்க இருந்தாத்தான் எனக்குத் தாலி.”

“இல்ல. நான் கட்டினது, நான் தொலச்சது. மூடி இறுக்கமாத்தானே போட்ட?”

“ரெண்டு பக்கமும் கிளிப்பு போட்டேன்.”

“அப்ப முழுவாது. ஆறு எங்க போவும்? கடலுக்குத்தான். அதுக்கு முன்னாடி புடிச்சிருவோம், வா!”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். வாய்விட்டு அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காடு முடிந்து வாழைத் தோட்டம் வந்தது. குலைகளுக்கெல்லாம் நீல உறை மாட்டியிருந்தார்கள். சாலைப் பாலத்துக்கு அவர்கள் ஏறியபோது மணி ஒன்றே முக்கால். தொலைபேசியில் சொன்னபடி திதியே அங்கே காரோடு நின்றார்.

“இப்போது திரும்பினால்தான் நிதானமாகப் போகலாம். மூன்றரைக்கு மேல் வாழை லாரிகள் சாலையை அடைத்துவிடும்,” என்று எச்சரித்தார்.

இளஞ்செழியன் வாழ்நாளில் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான். “ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போங்கள்!”

கார் கரும்புக் காட்டைச் சுற்றிக் கடற்கரைப் பக்கம் இறங்கியது. கண்ணாடியை இறக்கிய தையல்நாயகி சட்டென்று நிமிர்ந்தாள். “ஏங்க... கேக்குதா?”

கேட்டது. தப்பு! தப்புப் பறை அடிக்கும் சத்தம்! காரைக்கால் தெருவில் அம்மன் புறப்பாட்டுக்கு அடிப்பார்களே, அதே அடி. அலைச் சத்தத்துக்கு நடுவே, உலகத்தின் இந்தக் கோடியில்!

கார் நின்ற இடத்தில் மூங்கில் கம்பங்களில் சிவப்புக் கொடிகள் பறந்தன. வேப்பிலை கட்டிய வாசலும், நீலமும் மஞ்சளும் பூசிய சின்னக் கோபுரமும், கீழே ஆற்றுத் துறையும் தெரிந்தன. பெண்கள் மஞ்சள் துணி உடுத்திக் குடம் ஏந்தி நின்றார்கள். கறுப்பும் மாநிறமுமாக நம் முகங்கள். அவர்கள் பாடிய பாட்டின் சொற்கள் தேய்ந்திருந்தன. ஆனாலும் ‘அம்மா’ என்று வரும் இடம் தெளிவாகவே இருந்தது. தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேடி வந்ததையே ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் ஓர் அம்மாள் வந்து பிரெஞ்சில் வரவேற்றார். ஊர்த் தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர். பெயர் ஜோஸ்லின் வைத்திலிங்கோன். அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டதும் இளஞ்செழியன் கைகூப்பிவிட்டான்.

“நல்ல நாளில் வந்தீர்கள். இன்று எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. சற்று முன் ஆற்றில் குடம் நிரப்பப் போனபோது ஓர் அற்புதம் நடந்தது. வந்து பாருங்கள்!” என்றார்.

உள்ளே கற்பூர வெளிச்சத்தில் அம்மன் நின்றாள். காலடியில் பித்தளைத் தட்டு. தட்டில் எவர்சில்வர் டப்பா! அம்மன் கழுத்தில், நைந்த மஞ்சள் கயிற்றில், தையல்நாயகியின் தாலி!

“கேளு தையலு! நம்முதுன்னு சொல்லு!” என்று காதில் கிசுகிசுத்தான் அவன்.

“சாமி கழுத்துல ஏறினத எப்படிங்க கேக்கறது? மாட்டேன்.” அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கேட்டால் இத்தனை பேருடைய அற்புதத்தை உடைத்ததாகிவிடும். கேட்காவிட்டால் வெறுங்கழுத்தோடு கப்பலேற வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஜோஸ்லின் டப்பாவை இரு கையாலும் எடுத்தார். மூடியில் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்துகள். “இதோ பாருங்கள். எங்கள் முன்னோரின் எழுத்து. அவர்கள் எழுதிவைத்த ஏடு ஒன்று இருந்தது, புயலில் போய்விட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். இன்று அம்மனே எழுத்து அனுப்பியிருக்கிறாள். உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியுமா?”

தப்பு நின்றது. கூட்டம் முழுவதும் தையல்நாயகியின் வாயையே பார்த்தது.

அவளுக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று. கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் அது! மந்திரமும் இல்லை, அருள்வாக்கும் இல்லை. ஏதாவது ஆசீர்வாதம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சாமி முன்னால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. உள்ளதை உள்ளபடி, முதலில் தமிழிலும் பிறகு பிரெஞ்சிலும் படித்தாள்.

“தையல்நாயகி, இளஞ்செழியன் திருமணம். அன்பளிப்பு, சின்ன மாமா குடும்பத்தார், காரைக்கால்.”

அவள் தலை குனிந்தாள். “நான்தான் தையல்நாயகி. மன்னியுங்கள், இது எங்கள் சோற்று டப்பா.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கோபிக்கவும் இல்லை. ஜோஸ்லின் ஓர் அடி நெருங்கி வந்தார். “கடைசிச் சொல்லை மறுபடி சொல்லுங்கள்.”

“காரைக்கால்.”

ஜோஸ்லின் அவள் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்துப்போனார். அங்கே சட்டம் போட்ட காகிதம் ஒன்று தொங்கியது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பட்டியல். வைத்திலிங்கம், நாகப்பன், அஞ்சலை, மாரி... பிரெஞ்சு எழுத்தில் வளைந்து நெளிந்த நம் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் எண்ணும் ஏறிய துறைமுகமும் இருந்தன. காரைக்கால். காரைக்கால். காரைக்கால். மேலிருந்து கீழ்வரை அதே ஊர்!

“நூற்றைம்பது வருஷமாக அங்கிருந்து ஒரு ஆள் வரவில்லை, ஒரு கடிதம் வரவில்லை,” என்றார் ஜோஸ்லின். “இன்று ஆற்றில் வந்திருக்கிறது.”

இளஞ்செழியன் அந்தக் காகிதத்தின் முன் நின்று ஓவென்று அழுதான். அந்தத் துறைமுகத்தின் கரையில்தான் அவன் சின்ன வயதில் பட்டம் விட்டிருக்கிறான். அங்கிருந்து இப்படிப் போனவர்கள் உண்டு என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ஜோஸ்லின் தையல்நாயகியின் கழுத்தைப் பார்த்தார். தாமாகவே பூசாரியிடம் திரும்பினார். “எங்கள் அம்மா இன்னொருத்தியின் தாலியை வைத்துக்கொள்ள மாட்டாள். கழற்றுங்கள்!”

கற்பூரம் ஏற்றினார்கள். காப்புக் கட்ட வைத்திருந்த புது மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்தார்கள். தப்பு அதிர்ந்தது. கிழிந்த சட்டையும் நெற்றிக் காயமுமாக மாப்பிள்ளை. ஈரத் தலையோடு மணப்பெண்! இரண்டு முடிச்சுப் போட்டவன் நிமிர்ந்து, “மூன்றாவது முடிச்சை எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ போடுவார்கள்,” என்றான்.

“அப்படியானால் நகர்ந்து நில், தம்பி!” என்று முன்னால் வந்தார் ஜோஸ்லின். கூட்டம் குலவையிட்டது. அந்தச் சத்தம் மட்டும் ஒரு துளியும் தேயவில்லை.

தையல்நாயகி தாலியோடு கோத்திருந்த பொன்மணி ஒன்றைக் கழற்றி அம்மன் பாதத்தில் வைத்தாள். பிறகு டப்பாவை எடுத்துப் புடவைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் துடைத்து, தட்டிலேயே திரும்ப வைத்தாள். “இது இங்கேயே இருக்கட்டும்.”

அவள் ஒரு டப்பாவை விட்டுக்கொடுத்ததை அவன் அன்றுதான் பார்த்தான்!

“மூன்றே முக்கால்!” என்று வாசலில் திதியே அலறினார். அப்புறம் பேச நேரமேது? லாரிகளுக்குப் பயந்து கரும்புக் காட்டு மண்பாதையில் காரை விட்டார். கூரையில் தலை இடித்தது. துறைமுகத்தில் இறங்கி ஓடினார்கள். கப்பல் சங்கு ஊதியது. அதிகாரி கதவில் கை வைத்திருந்தார்.

“நாலு இருபத்தொன்பது!” என்றார். சேறும் ரத்தமும் விபூதியும் குங்குமமுமாக நின்றவர்களை மேலும் கீழும் பார்த்தார். “அருவி எப்படி இருந்தது?”

“அருவியா?” என்று விழித்தான் இளஞ்செழியன்.

அன்று முதல் அவன் எந்தப் பாத்திரத்தையும் திறந்து பார்க்காமல் கழுவுவதில்லை. எதை எங்கே வைத்தேன் என்று அவளும் சொல்லாமல் இருப்பதில்லை. 

மறுநாள் காலை, நடுக்கடலில், காரைக்காலுக்குப் போன் போட்டாள் தையல்நாயகி. நடந்ததை முழுக்கக் கேட்ட சின்ன மாமாவுக்கு ஒரே கவலைதான்.

“நல்ல கனமான டப்பாவாப் பாத்து எடுத்தேனே! போயும் போயும் யாரு வீட்டுல வுட்டுட்டு வந்த?”

அவள் புது மஞ்சள் கயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

“நம்ம வீட்டுலதான் மாமா. ரொம்ப நாளா நாம போவாத வீடு.”