ஸ்டெப்னிக்குப் போட்ட பூட்டு

கீரமங்கலம் தாண்டி, முந்திரிக்காட்டை ஒட்டியிருந்த ரெங்கராஜின் பட்டறை முன்னால் உமைரின் மீன்வண்டி நொண்டிக்கொண்டே வந்து நின்றது. உச்சிவெயில். முன்சக்கர டயர் கிழிந்து தொங்கியது. உள்ளே அவன் மனைவி, நிறைமாதக்காரி பாசிலா, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான்... புதுக்கோட்டை வரைக்கும் தாங்காது போலருக்கு.”

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக் ரெங்கராஜ் சிரித்தார். “ஸ்டெப்னிக்குப் பூட்டு நட்டு வேறயா? மீன் ஐஸ் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு கருவாடாப் போச்சே! இதோட சாவி எங்க தம்பி?”

“வண்டிய வித்தவரு தரலண்ணே. ‘அதை மட்டும் கழட்டாதீங்க, வேற வாங்கிக்கங்க’ன்னாரு. நாந்தான் அசால்ட்டா இருந்துட்டேன்.”

ரெங்கராஜ் துருவின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றி, அளவு குறைந்த சாக்கெட் ஒன்றை நட்டின் தலையில் வைத்துச் சுத்தியலால் இறக்கினார்.

டங். டங். டங்.

கையை நிறுத்தினார்.

டங். டங். டங்.

சக்கரத்துக்குள்ளிருந்து.

“யாரு தம்பி தட்டுறது?” என்றார் கிசுகிசுப்பாக.

உமைர் வெறுங்கையை விரித்துக் காட்டினான். காட்டில் ஓர் இலை அசையவில்லை. மீன் கவிச்சிக்கு நடுவே எங்கிருந்தோ சந்தன வாசனை.

ரெங்கராஜ் ஸ்பேனரை மாட்டினார். அழுத்துவதற்கு முன்பே நட்டு தானாகச் சுழன்றது, நேற்றுத்தான் எண்ணெய் போட்டது மாதிரி. சக்கரம் பொத்தென்று மண்ணில் விழுந்தது.

டயரின் பள்ளங்களில் பச்சைக் கண்ணாடித் துண்டுகள். ஒன்றை நெம்பி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“வளைகாப்பு வளையல்... புள்ளத்தாச்சி மேல ஏறுன சக்கரம் தம்பி இது. திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு இல்ல. மாட்டாதீங்க.”

“யா அல்லாஹ்!” உள்ளே பாசிலா அலறினாள்.

“மாட்டுங்கண்ணே!” என்று கத்தினான் உமைர்.

மாட்டினார்.

குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் பறந்தது.

அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்றார்கள். உமைருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கட்டிலில் கிடந்த பாசிலா அவன் தோளுக்குப் பின்னால் தேடினாள்.

“அந்த அக்கா எங்க மச்சான்?”

“எந்த அக்கா?”

“பட்டறையில ஏறுனாங்களே. வழி பூரா என் கையைப் புடிச்சுக்கிட்டே வந்தாங்க. ‘ஒனக்கு ஒண்ணும் ஆகாது, புள்ளைய மட்டும் எனக்குக் குடுத்துரு’ன்னாங்க.” அவள் கண்கள் சொருகின. “வலியில சரின்னுட்டேன்.”

தொட்டிலில் குழந்தை வீறிட்டது.

சட்டென்று அடங்கியது.

யாரும் நிற்காத அந்தத் தொட்டிலின் ஓரத்தில் கண்ணாடி வளையல்கள் கிலுகிலுத்தன.