மேற்கே நான்கு கிலோமீட்டர்

ஏழாம் கவிகையில் வாரத்துக்கு ஒரு முறை காற்றை நிறுத்துவார்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். வடிகட்டிகளை மாற்றி முடிக்கும் வரை, பதினோரு நிமிடம், கண்ணாடிக் கவிகைக்குள் வாழும் பன்னிரண்டாயிரம் பேரும் முகமூடி மாட்டிக்கொண்டு இருப்பார்கள். அப்போது பல் தேய்க்க முடியாது, காப்பி குடிக்க முடியாது. ஆனால் சண்டை போடலாம். காதுக்குள் பதித்திருந்த செவியம் வழியாகப் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அதனால் செவ்வாய்க் கிரகத்துத் தம்பதிகள் முக்கியமான சண்டைகளையெல்லாம் வியாழக்கிழமைக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

அம்பலவாணன், சுகிர்தா தம்பதிக்கு ஐந்து வியாழக்கிழமைகளாக ஒரே சண்டை. பயணத்துக்கு ஓடுமனை எடுப்பதா, இழுமனை எடுப்பதா?

ஓடுமனை என்பது எஞ்சினும் வீடும் ஒரே கூட்டுக்குள் இருப்பது. பூமியில் மோட்டார் ஹோம் என்றார்கள். இழுமனையில் வீடு தனி, வண்டி தனி. முன்னால் இரண்டு பேர் உட்காரும் சிறு இழுவண்டி, பின்னால் கொக்கியில் மாட்டிய வீடு. பூமிக்காரர்கள் கேரவன் என்று சொன்னது இதைத்தான். ஏழாம் கவிகையில் இந்த இரண்டைப் பற்றியும் கருத்து இல்லாத மனிதர் கிடையாது. கருத்துச் சொன்னவர்களில் பத்தில் ஒன்பது பேர் கவிகையை விட்டு வெளியே கால் வைத்ததும் கிடையாது.

"இழுமனைன்னா போற இடத்துல கழட்டி விட்டுட்டு, சின்ன வண்டியை எடுத்துக்கிட்டுச் சுத்தலாங்க" என்றாள் சுகிர்தா. "ஓடுமனையில ஒரு எட்டு போய் எட்டிப் பார்க்கணும்னாலும் வீட்டையே கிளப்பணும். பாத்திரத்தை எல்லாம் கட்டி வைக்கணும். யார் கட்டுறது? நான்."

"ஓடும்போது உள்ளே தோசை சுட முடியுமா உன் இழுமனையில?"

"யார் சுடுறது? அதுவும் நான்தானே."

"பின்னால எடுத்துப் பாரு. கத்திரிக்கோல் மாதிரி மடங்கி நிக்கும்."

"பின்னால எதுக்குங்க எடுக்கணும்? முன்னால போறதுக்குத்தானே போறோம்!"

அம்பலவாணன் பதில் சொல்வதற்குள் காற்று வந்துவிட்டது.

ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே போக அனுமதி. அதுவும் புழுதிப் புயல் ஓய்ந்திருக்கும் தெளிபருவத்தில் நாற்பது நாள். சுகிர்தா செவ்வாயில் பிறந்தவள். வயது நாற்பத்து மூன்று. பாசிக்கூடத்தில் பச்சைத் தொட்டிகளுக்கு நடுவே இருபது வருடமாக நின்று உழைக்கிறவள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தெற்கே, தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பெரும்பள்ளம் இருக்கிறது. ஏழு கிலோமீட்டர் ஆழம். தெளிபருவத்து விடியற்காலையில் அந்தப் பள்ளம் முழுக்க மூடுபனி நிரம்பி நிற்கும். எட்டு மணிக்குள் கலைந்துவிடும். பூமியிலிருந்து வந்த பழைய கதைகளில் பனிக்குள் யாராவது வழி தவறிக்கொண்டே இருந்தார்கள், யாராவது யாரையாவது முத்தமிட்டார்கள், யாராவது கொலையானார்கள். கவிகைக்குள் எதுவும் மங்கலாகத் தெரிந்ததே இல்லை. உலகம் ஒரு முறையாவது தன் கண்முன்னே மங்க வேண்டும் என்று அவள் விரும்பினாள்.

அம்பலவாணன் கெட்டவன் அல்ல, படித்தவன். பூமியிலிருந்து வரும் கப்பல்களைத் தரையிறக்கும் வழிகாட்டு நிலையத்தில் தலைமைப் பொறியாளன். நானூறு டன் கப்பலை ஒரு மேசையளவு இடத்தில் இறக்குகிறவன். அப்படிப்பட்டவன் ஆறாவது வாரம், மனையடி நிபுணர் நீலமேகத்திடம் போனான்.

நீலமேகம் அந்தக் கிரகத்தில் பெரிய பெயர். செவ்வாயின் நாள் பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் நீளம். அந்த உபரி நிமிடங்கள் நல்ல நேரமா, கெட்ட நேரமா என்று மூன்று தொகுதிகள் எழுதியவர். முடிவு நான்காம் தொகுதியில் வரும் என்று சொல்லியிருந்தார்.

"இழுமனை ஆகாது தம்பி" என்றார் நீலமேகம். "வீட்டை வேறொண்ணு இழுத்தா, வீட்டுக்காரனை வேறொருத்தன் இழுப்பான். ஓடுமனை எடுங்க. எஞ்சின் உள்ளேயே இருக்கு, அது அக்கினி. ஆனா ஒண்ணு. ஓடினாலும் அது வீடு. நின்னாலும் வீடு. வாசல் எப்பவும் கிழக்கு பார்க்கணும்."

"ஓடும்போதுமாங்க?"

"ஓடும்போது வாசல் இல்லாம போயிடுதா?"

இந்த வாதத்தின் வலிமையில் அம்பலவாணன் அசந்துபோனான். செவ்வாய்க்குப் பூமியைப் போலக் காந்தப் புலம் கிடையாது. திசைகாட்டியின் முள் அங்கே சும்மா ஆடும். ஆனால் அம்பலவாணனுக்கு அது ஒரு தடையா? கப்பல்களுக்காக வைத்திருந்த விண்மீன் அளவியை ஓடுமனையில் பொருத்தி, கிழக்கை ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கணித்தான். வாசல் அந்தக் கிழக்கை விட்டு விலகினால் சக்கரம் நின்றுவிடும்படி ஒரு திசைப்பூட்டும் செய்தான். இவ்வளவு துல்லியமாக ஒரு மூடத்தனத்தை அதற்கு முன் யாரும் அளந்ததில்லை.

ஓடுமனைக்கு வாசல் இடது பக்கம். அதாவது தெற்கு நோக்கி ஓடினால் வாசல் கிழக்கு பார்க்கும். பெரும்பள்ளமும் தெற்கே. "பாத்தியா, எல்லாம் கூடி வருது" என்றான் அம்பலவாணன். சுகிர்தாவுக்கும் மறுப்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை. அவள் பாத்திரங்களைக் கட்டினாள்.

ஆறு நாள் தெற்கே ஓடினார்கள். ஆறாம் நாள் விடிவதற்கு முன் பாதை முடிகிற இடத்துக்கு வந்தார்கள். முடியவில்லை, மேற்கே திரும்பியது. எதிரே ஒரு பாறைமேடு. அதைச் சுற்றிக்கொண்டு மேற்கே நான்கு கிலோமீட்டர் போனால் பள்ளத்தின் விளிம்பு. மேட்டுக்கு மேலே வானம் பால் சிந்தியது போல் வெளுத்திருந்தது.

"அதுதான் பனி" என்றாள் சுகிர்தா. "திருப்புங்க."

அம்பலவாணன் திருப்பவில்லை.

"மேற்கே திரும்பினா வாசல் தெற்கு பார்க்கும், சுகி. எமன் திசை."

"நாலு கிலோமீட்டர்ங்க."

"எமனுக்கு நாலு கிலோமீட்டர் எல்லாம் ஒரு தூரமா?"

"பூட்டை எடுங்க. நான் ஓட்டுறேன். எமன் வந்தா நான் பேசிக்கிறேன்."

"எடுக்க ஒன்பது மணி நேரம் ஆகும். யாரும் அவசரத்துல உடைக்கக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கேன்" என்றான் அம்பலவாணன். அந்த நேரத்திலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சுகிர்தா எழுந்து காப்புடையை மாட்டினாள். அதன் முத்திரைகளைச் சோதிக்கவே நாற்பது நிமிடம் பிடிக்கும், விதி அப்படி. காற்றுத்தாழ்க் கதவைத் திறந்து இறங்கினாள். தனியாக, மேட்டைச் சுற்றி, மேற்கே நடந்தாள். காப்புடையோடு ஓட முடியாது. ஓடப் பார்த்தாள், இரண்டு முறை விழுந்தாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொண்டே வந்தது.

அவள் விளிம்பை அடைந்தபோது எட்டு மணி ஏழு நிமிடம். கீழே பெரும்பள்ளம் சுத்தமாக, கூர்மையாக, அடிமட்டத்துக் கல் வரை தெளிவாகத் தெரிந்தது.

"போட்டோ எடுத்தியா?" என்று செவியத்தில் கேட்டான் அம்பலவாணன்.

மறுநாளே மூடுபனிக்காலம் முடிந்துவிட்டதாக வானிலை அறிவிப்பு வந்தது. திரும்பும் வழி வடக்கு. முன்னோக்கி ஓட்டினால் வாசல் மேற்கு பார்க்கும். ஆகவே அம்பலவாணன் தொள்ளாயிரம் கிலோமீட்டரையும் பின்னோக்கியே ஓட்டினான். பன்னிரண்டு நாள். சுகிர்தா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வீடு பின்புறமாக வந்து கவிகைக்குள் நுழைவதை ஊரே கூடி நின்று பார்த்தது. ஏன் என்று கேட்டார்கள். "அதுல ஒரு காரணம் இருக்கு" என்று மட்டும் சொன்னான் அம்பலவாணன். படித்தவன், தலைமைப் பொறியாளன். அவன் சொன்னால் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தப் பருவத்தில் வெளியே போன மற்ற பத்துக் குடும்பங்களில் மூன்று குடும்பங்களின் வண்டிகள் புழுதி அடைத்து வழியிலேயே நின்றுபோயின. அம்பலவாணனின் ஓடுமனை நிற்கவில்லை. அதற்கு மேல் யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை.

அடுத்த பருவத்தில் நான்கு குடும்பங்கள் பின்னோக்கி வந்தன. அதற்கடுத்ததில் எல்லாரும். இழுமனையை அவ்வளவு தூரம் பின்னோக்கி ஓட்ட யாராலும் முடியவில்லை. அம்பலவாணன் சொன்னது போலவே கத்திரிக்கோலாக மடங்கியது. மூன்றே ஆண்டில் இழுமனைக் கடைகள் மூடப்பட்டன. எது சிறந்தது என்ற பழைய வழக்கு இப்படித் தீர்ந்தது.

பதினைந்து ஆண்டுகள் போயின. அம்பலவாணன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடும்பத்துக்கான அடுத்த அனுமதி சுகிர்தாவின் பெயருக்கு வந்தது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பழைய இரும்புக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த ஓர் இழுமனையைத் தேடிப் பிடித்து, தானே பழுது பார்த்து, தனியாகக் கிளம்பினாள். எதிரில் பின்னோக்கி வந்த வண்டிகளிலிருந்து மக்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

திருப்பத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஏழு. இடம் மாறியிருந்தது. முப்பது ஓடுமனைகள் தெற்கு பார்த்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கணவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே காப்புடை அணிந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேற்கே போகும் பாதையின் குறுக்கே ஓர் இரும்புக் கதவு. கதவருகே ஒரு வழிகாட்டி இயந்திரம்.

மேட்டுக்கு மேலே வானம் வெளுத்திருந்தது. இரவே காப்புடையை மாட்டி வைத்திருந்த சுகிர்தா இறங்கி இழுமனையைக் கழற்றி விட்டாள். சிறு வண்டியைக் கதவு வரை ஓட்டி வந்தாள். பத்து நிமிடப் பாதை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"வண்டியை விட்டு இறங்க வேண்டும், அம்மா" என்றது இயந்திரம். "பெண்கள் இங்கிருந்து தனியாக நடந்து போவதுதான் முறை. ஆண்கள் வண்டியில் இருக்க வேண்டும். கதவு எட்டு மணிக்குத் திறக்கும்."

"எட்டு மணிக்கா? எட்டு மணிக்குப் பனி போயிடுமே!"

"ஆம், அம்மா. பனி கலைந்த பிறகுதான் தரிசனம்."

"என்ன தரிசனம்?"

"பள்ளத்தின் தரிசனம். முதலில் நடந்து போன அம்மையார் பனி கலைந்த பிறகே விளிம்பில் நின்றார். திரும்பும் வழி முழுவதும் மௌன விரதம் காத்தார்."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் நேரம் இல்லை என்று தோன்றியது.

"அது விரதம் இல்லை. கோபம்" என்றாள். "அந்தப் பொம்பளை நான்தான். என் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்ப மாட்டேன்னுட்டார். அதான் நடந்தேன். பனியைப் பார்க்கத்தான் நடந்தேன். நேரமாயிடுச்சு. அவ்வளவுதான். கதவைத் திற."

"இந்தப் பருவத்தில் அப்படிச் சொல்லும் ஒன்பதாவது ஆள் நீங்கள், அம்மா" என்றது இயந்திரம் மரியாதையாக.

வரிசையில் நின்றவர்களின் சலசலப்பு செவியத்தில் கேட்டது. "நாங்க எல்லாம் ராத்திரியிலிருந்து நிக்கலையா? இவங்களுக்கு மட்டும் வண்டி கேக்குதோ?" என்றாள் ஒருத்தி. "இழுமனையில வந்திருக்காங்க பாரு" என்றாள் இன்னொருத்தி, அதுவே எல்லாவற்றையும் விளக்கிவிட்டது போல.

முன்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி சுகிர்தாவின் பக்கம் வந்தாள். பெயர் நப்பின்னை, வளிமண்டல ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றவள். அவள் கோபப்படவில்லை.

"ஆன்ட்டி, நானும் முதல்ல இதெல்லாம் நம்பாதவதான்" என்றாள். "அப்புறம் படிச்சுப் பார்த்தேன். பனியில நுண்ணிய உப்புத்துகள் இருக்கு. பொம்பளைங்க உடம்புக்கு ஆகாது. சூரியன் ஏறினதும் படிஞ்சிடும். அந்தக் காலத்துல ஒரு கருவியும் இல்லாம இதையெல்லாம் கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க."

"அந்தக் காலம்னா பதினஞ்சு வருஷம்மா. விண்மீன் அளவியே இருந்தது."

"அதைத்தான் சொல்றேன். எவ்வளவு முன்னேறி இருந்திருக்காங்க!"

"காப்புடைக்குள்ள ஒரு பொட்டுக் காத்து நுழையாது. உப்பு எப்படிம்மா நுழையும்?"

"அதெல்லாம் அலைவரிசை அளவுல, ஆன்ட்டி" என்றாள் நப்பின்னை, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. "வண்டியை ரிவர்ஸ்ல ஓட்டுறதுலயும் சயின்ஸ் இருக்கு. வடிகட்டியில புழுதி படியாது. நம்ம பெரியவங்க ஒண்ணும் முட்டாள் இல்லையே?"

சுகிர்தா கதவின் கம்பிகளைப் பிடித்துக் குலுக்கினாள். கதவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தது. தாழைப் பார்த்தாள், குறித்த மணி வந்தால் மட்டும் திறக்கும் வகை. மேட்டின் மீது ஏறிக் கடக்கலாமா என்று அண்ணாந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது மிகவும் செங்குத்தாக இருந்தது. அடுத்த அனுமதி எழுபத்து மூன்று வயதில் வரும்.

மேட்டுக்கு மேலே இருந்த வெண்மை முதலில் ஓரங்களில் மெலிந்தது. பிறகு நடுவில் ஒரு கிழிசல் விழுந்தது. கிழிசல் வழியாக வழக்கமான பழுப்பு வானம் தெரிந்தது. பெண்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதாம், தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சுகிர்தா ஒருத்திதான் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை எடுக்காமல், கடைசி நூல் வரை பார்த்தாள்.

"பனி முழுமையாகக் கலைந்துவிட்டது" என்று இயந்திரம் அறிவித்தது. "நல்ல நேரம் தொடங்குகிறது."

கதவு திறந்தது. வரிசை நகர்ந்தது. நப்பின்னை சுகிர்தாவின் முழங்கையை அன்பாகப் பற்றிக்கொண்டாள்.

"மெதுவா வாங்க, ஆன்ட்டி" என்றாள். "இனிமே ஒரு அவசரமும் இல்ல."