வாயடைத்த பெட்டி

"நாலு மணிக்குள்ள காரணம் தெரியலன்னா என் சீட்டு கிழிஞ்சிடும் சார்," என்றாள் ஸ்கேன் மையத்தின் கணினிப் பொறுப்பாளர். எட்டு டிஸ்க்குகள் கொண்ட சேமிப்புப் பெட்டி அவள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமையிலிருந்து பழைய படங்கள் நொடியில் திறந்தன. புதுப் படம் பதிவாக மட்டும் பத்து நிமிடம். "புதன்கிழமை உள்ள போய்ப் பார்த்தேன். எட்டு விளக்கும் பச்சை, ஒரு சத்தமும் இல்ல."

ஊரார் 'டிஸ்க் டாக்டர்' என்றழைக்கும் துப்பறிவாளர் தலையசைத்தார். அவருடன் வந்த மைத்துனனுக்குப் பொறுமை இல்லை. "ஏதோ ஒரு டிஸ்க் மண்டையப் போட்டிருக்கும் மாமா!"

"அப்படின்னா படிக்கிறதும் திணறுமே," என்றார் அவர்.

பெட்டி இருந்த குளிரறையின் தடித்த கதவைத் திறந்ததும் அழுக்குக் காலுறை நாற்றம் முகத்தில் அடித்தது. அலமாரிக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை ஒன்று கிடந்தது. பெட்டியின் எச்சரிக்கை ஒலி வரும் துளையில், பல் தடத்தோடு, மென்று துப்பிய சூயிங்கம்! இதைச் செய்தவனும் சோறுதான் தின்கிறானா?

வெளியே மேனேஜர், மையத்தின் முதலாளியான டாக்டரம்மாவிடம் தாடையை அசைத்தபடி பேசிக்கொண்டிருந்தார். "நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல மேடம். பெட்டி பீப் பீப்னு கத்தியிருக்கு, இந்தப் பொண்ணு காதுலயே போட்டுக்கல." டாக்டரம்மா கையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது.

"டிஸ்க் எதுவும் கெடல," என்றார் துப்பறிவாளர். "வர்ற தகவலை இந்தப் பெட்டி முதல்ல நினைவகத்துல வாங்கி வச்சுக்கும், அப்புறம் நிதானமா எழுதும். கரண்ட் போனா அதைக் காப்பாத்த ஒரு பேட்டரி உண்டு. செவ்வாய் மதியம் அது செத்துப்போச்சுன்னு பெட்டியோட பதிவுல இருக்கு. அதுலேர்ந்து பெட்டி பயந்து, ஒவ்வொண்ணையும் நேரா டிஸ்க்குலயே எழுதுது. அதான் ஆமை வேகம். பீப் அடிச்சுச் சொல்லவும் செஞ்சுது. ஆனா புதன்கிழமை இவங்க வந்து பாக்கறதுக்குள்ள யாரோ அது வாயை அடைச்சுட்டாங்க. கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேக்காது. உள்ளயே போகாத மேனேஜருக்கு அது கத்தினது எப்படித் தெரியும்?"

"அந்த ரூமோட ரெண்டாவது சாவி அவர்கிட்டதான் இருக்கு!" என்றாள் பொறுப்பாளர்.

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தா தப்பா?" என்று முனகினார் மேனேஜர். "நிறுத்தாம கத்துச்சு..."

மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் சூயிங்கத்தைச் சுரண்டி எடுத்தான். திறந்த கதவு வழியே பீப் ஒலி வீறிட்டது. அப்போதும் மேனேஜரின் தாடை அசைவதை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா கடிதத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு கூடையைத் தூக்கி மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதல்ல வாயில இருக்கறதைத் துப்புங்க. அப்புறம் சாவியைக் குடுங்க."