அறுபதைத் தொடாத முள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்க்கத் தெரியாது. மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே கட்டியிருக்கும் நலப்பட்டை பச்சையாக எரிந்தால் நீ நன்றாயிருக்கிறாய், அதோடு பேச்சு முடிந்தது. சாப்பிட்டாயா, தூக்கம் வந்ததா, ஏன் கண் சிவந்திருக்கிறது, ஒரு கேள்வி கிடையாது. கல்யாண வீட்டிலும் அப்படித்தான், எழவு வீட்டிலும் அப்படித்தான். நாய் எவ்வளவோ மேல், கிட்ட வந்து மோந்தாவது பார்க்கும் என்று நவநீதன் நினைத்துக்கொண்டார்.

அன்று காலை சங்ககிரி லாரிப் பேட்டையில் அவரைக் கண்டவர்கள் எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார்கள். பட்டை மஞ்சளாகியிருந்தது. என்ன ஏது என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. டீக்கடைக்காரன் மட்டும் டீயைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தான். எடுக்கும்போது பாதி டீ கையில் கொட்டியது. சூடான டீதான். நவநீதன் கையைப் பார்த்தார். யாருடைய கையோபோல் இருந்தது.

அவருக்கு வயது எழுபத்திரண்டு. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. லாரிகள் ஆளில்லாமல் தாமே ஓடத் தொடங்கியபின் ஓட்டுநர் வேலை போய், சாட்சியாள் வேலை வந்தது. தானோடி லாரி ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன் பிரேக்கின் மேல் காலை வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எவன் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. இயந்திரத்தை நம்புகிறவன் அதில் தூங்கிப்போவான். ஆகவே உறுதிமானி என்ற தட்டில் கையை வைக்கச் சொல்லி, எதையாவது எடுத்துச் சொல்வார்கள். அதை அந்த ஆள் எவ்வளவு நம்புகிறான் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் ஒரு முள் காட்டும். சாட்சியாள் ஆக, முள் முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும்.

நவநீதனுக்குப் பதினொன்று. பேட்டையிலேயே அதுதான் குறைவு. பெற்ற தாயிடமே அடையாளச் சீட்டு கேட்கிற ஆள் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தாலும், முப்பத்தொரு வருடத்தில் பதினான்கு முறை அவர் லாரியை நம்பாமல் பிரேக்கை மிதித்தார், பதினான்கு முறையும் அவர் மிதித்ததுதான் சரி. ஒருமுறை லாரி நிழலென்று நினைத்தது, படுத்திருந்த எருமை. இந்த வயதிலும் அவரை வேலையைவிட்டு அனுப்பாததற்குக் காரணம் அந்தப் பதினொன்றுதான்.

சுங்கச்சாவடிதோறும் குருதிவாயில் இருந்தது. பட்டையைக் காட்டி, விரலை நீட்டி, ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் தடுப்புக்கட்டை உயரும். சாட்சியாட்களுக்குள் இதில் ஒரு பழக்கம் உண்டு, விரல் கைமாற்று என்று பெயர். வரிசையில் நிற்க அலுத்தவன் பட்டையைக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்துவிடுவான், கூட்டாளி இருவருக்கும் சேர்த்துத் தன் விரலையே இரண்டு முறை நீட்டுவான். நவநீதனின் விரல்தோல் டயர்போலத் தடித்திருந்தது. ஊசி நாலு குத்து குத்தினால்தான் ரத்தம் எட்டிப் பார்க்கும். அதனால் பின்னால் வரும் லாரியின் சாட்சியாள் ரித்விக்தான் அவருக்கும் சேர்த்து விரல் கொடுப்பான். முந்தாநாள் ரித்விக்கின் லாரி முன்னால் போய்விட்டது. வேறு வழியில்லாமல் நவநீதன் தன் விரலையே நீட்டினார். பட்டை மஞ்சளானது. கூடவே செய்தியும் வந்தது. எச்.ஐ.வி. தொற்று, ஆரம்ப நிலை, ஏறத்தாழ இருபத்தேழு நாள். உடனே ஏற்காடு அடிவார ஆய்வகத்துக்கு வரவும்.

எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். நாக்பூர் லாரிகளில் சாட்சியாளாகப் போய்வந்த தாரகை. தொப்பூர் மின்னேற்று நிலையத்தில் லாரிகள் சந்திக்கும்போதெல்லாம் மூன்று வருடமாக இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு சாப்பாட்டோடு நிற்கவில்லை. அவளும் விரல் கைமாற்றில் பல வருடம் ஓட்டியவள்தான். பத்து நாளைக்கு முன்னால் நாக்பூர் கொட்டகையில் காய்ச்சலில் செத்துப்போனாள். என்ன காய்ச்சல் என்று அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து நவநீதனுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. அழுகையும் இல்லை, பயமும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்க இறங்கியதுபோல இருந்தது.

ஆய்வகத்துக்கு ரித்விக்தான் கூட்டிப்போனான். நாற்பத்தைந்து வயது, வழியெல்லாம் சின்னப்பிள்ளைபோல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

"நான் விரல் குடுக்காம இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமுங்ணா."

"நான் கேட்டேன், நீ குடுத்தே. உட்டுத்தள்ளு."

டாக்டர் ஆதினிக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இவர்கள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். அது நவநீதனுக்குப் புதிதாக இருந்தது.

"உட்காருங்கய்யா. காய்ச்சல், தொண்டை வலி இருக்கா?"

"எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா அம்மணி?"

"அது எங்களுக்குத் தேவையில்லைங்கய்யா."

மலையடிவாரம் வரைக்கும் அவர் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் தயார் செய்துகொண்டு வந்தார். தாரகை என்ற பெயரை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லலாம் என்று இருந்தார். இப்போது அதை விழுங்கிக்கொண்டார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் இந்த நோய்க்குத் தினசரி மாத்திரை இருந்தது. குருதிவாயில்கள் வந்தபின் நோய் எங்கும் தலைகாட்டவில்லை. மாத்திரை செய்த ஆலைகளும் மூடிவிட்டன. இப்போது மிச்சமிருப்பது இந்தச் சோதனை மட்டும்தான். ஆய்வகத்தில் வளர்த்த மூன்று எதிர்ப்பொருட்களை, அதாவது ஆன்டிபாடிகளை, நரம்பில் சொட்டுச்சொட்டாக ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் கிருமியை ஒவ்வொரு இடத்தில் பிடிக்கும். ஆனால் தொற்றி முப்பது நாளுக்குள் ஏற்றியாக வேண்டும். அதற்குமேல் கிருமி உடம்பின் மூலைமுடுக்கில் போய்ப் பதுங்கிவிடும், அப்புறம் எது கொடுத்தும் எட்டாது.

"இன்னிக்கு இருபத்தொன்பதுங்கய்யா. ரத்தத்துல கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளைக்குக் காலைல ஏத்தியாகணும், மருந்தைக் கலக்கவே ஆறு மணி நேரம் ஆகும். அதனால இன்னிக்கே முடிவு பண்ணணும்."

"சரி, கைநாட்டு எங்க வெக்கணும்?"

"கைநாட்டு இப்ப செல்லாதுங்கய்யா." அவள் மேசையின் கீழிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள். நவநீதனுக்கு அதை அடையாளம் தெரிந்தது. பேட்டையில் இருக்கும் அதே உறுதிமானி.

ஒருகாலத்தில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடம் காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கி, என்னவென்றே சொல்லாமல் மருந்தை ஏற்றிப் பார்த்தார்களாம். அதைத் தடுக்க வந்தது இசைவுச் சட்டம். தன் உடம்பில் ஏறுவது என்ன என்று புரிந்து, மனதார நம்புகிறவனுக்கு மட்டும்தான் சோதனை மருந்து. முள் அறுபதைத் தொட வேண்டும்.

"அங்க முப்பதுக்குக் கீழ இருந்தாத்தான் சோறு. இங்க அறுபதுக்கு மேல இருந்தாத்தான் உசுரா?" என்றார் நவநீதன். "நல்ல சட்டம். எனக்காகவே போட்டாப்பல இருக்குது."

கையை வைத்தார். பதினொன்று.

அவள் மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். படம் போட்டுக் காட்டினாள். சாவிபோல ஒன்று, பூட்டுபோல ஒன்று. எல்லாம் அவருக்குப் புரிந்தது. புரிகிறது என்பதைத் தட்டும் ஒத்துக்கொண்டது, அதற்கான சின்ன விளக்கு எரிந்தது. முள் மட்டும் பதினொன்றில் கிடந்தது.

"நம்புங்ணா," என்றான் ரித்விக்.

"எதைடா?"

"டாக்டரம்மாவைத்தான்."

"அவிய யாருன்னு எனக்குத் தெரியுமா, நான் யாருன்னு அவியளுக்குத் தெரியுமா?"

ரித்விக் சட்டென்று அவர் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையைத் தட்டில் வைத்தான். முள் எழுபத்தொன்றுக்குப் பாய்ந்தது. "இதையே அண்ணன் பேர்ல போட்டுக்குங்க டாக்டர்."

"இதுல கைமாற்று முடியாதுங்க. தட்டு ஆளைக் கண்டுபிடிச்சுடும்."

நவநீதன் அந்த எழுபத்தொன்றைப் பார்த்தார். பேட்டைத் தட்டில் இருபத்தெட்டு காட்டி வேலை வாங்கியவன் இவன். "பேட்டையில இதைப் பாத்தாங்கன்னா உன்ற வேலை போச்சுடா, கிறுக்கா," என்றார். ரித்விக் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவரும் முயற்சி செய்யாமல் இல்லை. பிழைக்க வேண்டாம் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நம்பிப் பார்த்தார். தும்மல் வராதவன் வெயிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. வரவில்லை. கண்ணைத் திறந்தார்.

"எத்தன பேருக்கு இதை ஏத்தியிருக்கறீங்க அம்மணி?"

"ஒன்பது பேருக்கு."

"எத்தன பேரு செத்தாங்க?"

ஆதினி கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தர். மருந்து ஏற ஆரம்பிச்ச இருபதாவது நிமிஷம் மூச்சு அடைச்சிடுச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

முள் இருபத்தாறுக்கு வந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். "இன்னும் ரெண்டு பேருக்குக் கிருமி திரும்பி வந்துடுச்சு. ஏன்னு எங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை." முப்பத்தெட்டு. "மத்த ஆறு பேரும் நல்லா இருக்காங்கய்யா, ஒருத்தர் போன மாசம் தோட்டத்துல மஞ்சள் போட்டிருக்கார்." முப்பத்திரண்டு.

"நல்லதைச் சொல்லாதீங்க டாக்டர்," என்று ரித்விக் பதறினான். "கெட்டதாச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஒருமுறை மருந்துப்பெட்டியின் குளிர் விட்டுப்போய், அதை எவருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு வேறு வரவழைத்தார்கள். நாற்பத்தொன்று. நெஞ்சில் படபடப்பு வரலாம், மூட்டு வீங்கலாம், வயதானவர்களுக்கு இதைக் கொடுத்ததே இல்லை. நாற்பத்தொன்பது. செத்தவரின் மனைவியிடம் போய்ச் சொல்லத் தைரியம் இல்லாமல் அவள் வேறொருவரை அனுப்பினாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஐம்பத்துநாலு. ஆள் கிடைக்காததால் இந்தச் சோதனையையே மூடப்போகிறார்கள், அவர்தான் கடைசி ஆள். ஐம்பத்தேழு.

அறையில் மூன்று பேரும் முள்ளையே பார்த்தார்கள். தன் கைக்குக் கீழேதான் அது நகர்கிறது என்பதே நவநீதனுக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எதிரில் இருக்கும் பெண் உள்ளதைச் சொல்கிறாள் என்பது எங்கோ போய்ச் சேர்ந்திருந்தது.

"இன்னும் ஏதாச்சும் கெட்ட சேதி இருக்குதா அம்மணி?" என்று அவரே கேட்டார். கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டார்.

ஆதினி யோசித்தாள். உதட்டைக் கடித்தாள். மூன்றே மூன்று கோடுதான் பாக்கி. "போன வாரம்," என்றாள், "இன்னொருத்தரும் இறந்துட்டார்."

முள் தொப்பென்று விழுந்தது. ஒன்பது. முப்பத்தொரு வருடத்தில் அவர் அவ்வளவு கீழே போனதில்லை.

"இது பொய்யி," என்றார் நவநீதன்.

"ஆமாங்கய்யா." அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். "மூணுதாங்கய்யா பாக்கி இருந்துச்சு. சொல்றதுக்கு எங்கிட்ட உண்மையா வேற எதுவும் இல்லை."

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட நன்றாயிருக்கும். முன்னே சொன்னதில் எது நிஜம், எது முள்ளுக்காகச் சொன்னது என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். மூச்சடைத்துச் செத்தவன், மஞ்சள் போட்டவன், செத்தவனின் மனைவி. எல்லார் முகமும் ஒரே மாதிரி தெரிந்தது.

ஆதினி நிமிர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஐயா, ஏட்டுல நானே அறுபதுன்னு எழுதிடறேன். தட்டு பழுதுன்னு சொல்லிக்கறேன். என் வேலை போனாலும் போகட்டும். நீங்க உட்காருங்க, மருந்தைக் கலக்கச் சொல்றேன்."

ரித்விக் கைகூப்பிவிட்டான். நவநீதன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல பிள்ளை என்று பட்டது. லாரியும் நல்ல லாரிதான், எருமையை நிழலென்று சொன்ன லாரி.

"ஏட்டுல பொய் எழுதற கை, என்ற நரம்புல என்னத்த ஏத்தும்னு நான் எப்படி நம்பறது அம்மணி?"

"ஐயா, கெஞ்சிக் கேட்கறேன்."

"உங்களக் குத்தம் சொல்லல. எனக்கு வரமாட்டீங்குது."

எழுந்தார். தட்டில் அவர் கை வைத்த இடத்தில் வேர்வை ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளியே உச்சி வெயில். சேலம் சாலை இறக்கத்தில் அவர் நடக்கத் தொடங்கியபின் ரித்விக் ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். மூச்சு வாங்கியது.

"ஏனுங்ணா, அந்தம்மா வேலையவே வேண்டாங்குது. இப்படி எந்திரிச்சு வந்தா எப்படிங்ணா?"

"மூணு கோட்டுக்காக ஒரு ஆளைச் சாகடிச்சாளே, பாத்தீல்ல?"

"உங்களக் காப்பாத்தத்தானுங்ணா சொன்னாங்க!"

"இருக்கும்."

"வாங்ணா, திரும்பிப் போலாம். இன்னிக்கு உட்டா அவ்வளவுதான். இந்த வயசுக்கு ரெண்டு வருசம் தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. செத்துப் போயிருவீங்ணா."

நவநீதன் நின்று அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், எடுத்துவிட்டார்.

"அதுவும் அவிய சொல்றதுதானேடா," என்றார். சொல்லிவிட்டு இறக்கத்தில் நடந்தார்.